பாக்கு மரத்தின் முறுக்கு

அந்தமானில், ரங்கத் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் தங்கையும் ஃபர்னிச்சர் கடை நடத்துகிறோம். கடையைத் தொடங்கியவன் நான். கணவனைப் பிரிந்து மகளோடு போர்ட் பிளேரிலிருந்து வந்தவளைப் பாலிஷ் வேலைக்குச் சேர்த்துக்கொண்டதும் நான்தான். இதை அடிக்கடி மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், பிள்ளைகள் பழகுவதற்கு ஆறு வில் கேட்டார். காற்றில் சாய்ந்த பாக்கு மரம் ஒன்றைப் பிளந்து, வில் நீளத்துக்குப் பட்டைகளாகக் கீறி எடுத்தோம். காய்ந்ததும் பாதிக்கு மேல் முறுக்கிக்கொண்டன. சூடு காட்டினால் நிமிரும் என்று கேஸ் டார்ச்சைப் பிடித்தேன். இரண்டு கருகின, ஒன்று வெடித்தது.

தங்கை சிரட்டைத் தணல் மூட்டினாள். பட்டையின் ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையில் ஸ்பேனரை மாட்டி, அதில் ஒரு கல்லைத் தொங்கவிட்டாள். எண்ணெய் தடவிய பட்டைக்குக் கீழே தணல் சட்டியை மெல்ல மெல்ல நகர்த்தினாள். முக்கால் மணி நேரம். கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, முறுக்கு அவிழ்ந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லண்ணே. அவசரப்பட்டா கருகிடும்னு உன்னப் பாத்துத்தான் தெரிஞ்சுது."

குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை அவள். ஆனாலும் எனக்குக் குத்தியது.

வாத்தியார் வந்து பட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "கமால் கர் தியா, தீதி!" என்று இந்தியில் தங்கையைப் பாராட்டினார். பிறகு என்னிடம், இனி வில் வேலையைத் தங்கையிடமே விட்டுவிடுங்கள் என்று சொன்னார். சிரித்து வைத்தேன். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தங்கை அடுத்த பட்டையைச் சூடாக்கி, ஆறவிட்டுவிட்டு, மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனாள். முழுக்க ஆறும்வரை கல் தொங்க வேண்டும். சூடு இருக்கும்போதே நான் கல்லை எடுத்துவிட்டேன். ஆறியபின் திரும்ப மாட்டினேன். அவள் வந்து அவிழ்த்ததும் பட்டை பழையபடி முறுக்கிக்கொண்டது. சூடு போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அதையே செய்தேன்.

மூன்றாம் நாள் அளவுக்கு மீறிச் சூடாக்கினாள். பட்டை பட்டென்று வெடித்தது. தணல் பட்டுச் சிவந்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு வந்த வேலை இப்ப ஏண்ணே வரமாட்டேங்குது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "கல்ல எடுத்தது நான்தான்" என்றேன்.

வெடித்த பட்டையை எடுத்துத் தள்ளி வைத்தாள். பிறகு, "எத்தனை நாளா?" என்றாள்.

"ரெண்டு நாளா."

"கல்லைக் கேக்கலண்ணே. உன் மனசுல இருக்கறதக் கேக்குறேன்."

"நீ இங்க வேலைக்கு வந்ததிலேருந்து."

எழுந்து முகம் கழுவினாள். வேறொரு பட்டையை எடுத்து வைஸில் மாட்டினாள். "இனிமே இது ஆறுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். பாப்பாவ நீ போய்க் கூட்டிட்டு வா."

அன்றிலிருந்து பள்ளிக்குப் போவது என் வேலையாயிற்று. ஆறு வில்களும் முடிந்தன. மைதானத்தில் முதல் அம்பைத் தங்கைதான் விட வேண்டும் என்றார் வாத்தியார். அவள் நாணை இழுத்தபோது, அம்பு தவறிப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். அது பலகையில் போய்த் தைத்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கைதட்டினேன், எல்லோரும் நிறுத்திய பிறகும்.