ஆற்றில் ஊன்றிய கழிகள்

உலகம் சூடாகிக்கொண்டிருப்பதைப் பற்றி நான்கைந்து தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏசி அறையில் படுத்துக்கொண்டுதான் படித்தேன். ஆகவே என் பள்ளித் தோழன் எண்ணூர் ஆற்றில் காடு வளர்க்கப்போகிறேன் என்றபோது, அவனுக்கு ஆலோசனை சொல்ல ராயபுரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவன். பிறந்தது எண்ணூர் ஆற்றோர மீனவர் குப்பத்தில். படிப்பதற்காகக் கல்மண்டபத்தில் அத்தை வீட்டுக்கு வந்தவன், ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு லாரி வாங்கி, பிறகு பல லாரி வாங்கி, ஆற்றுக்குத் திரும்பவே இல்லை. தம்பி மட்டும் அங்கேயே வலை போட்டுக்கொண்டிருக்கிறான்.

முதலில் எங்கோ ஒரு மலைக்காட்டைக் காப்பாற்றுகிறவர்களுக்குத்தான் இவன் சொந்தப் பணத்தைக் கொடுத்துவந்தான். அவர்கள் நன்றியோடு யானைப் படம் போட்ட காலண்டர் அனுப்பினார்கள். யார்டு ஆபீஸில் அந்த யானை மாட்டிய மூன்றாம் மாதமே டீசல் புகையில் கறுத்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் சொன்னான்: "நம்ம லாரி வுட்ட பொகை எத்தினி பேரு நெஞ்சுல கீதோ மச்சி. யானைக்கு அழுதது போதும். நம்ம ஆத்துல எதுனா வெப்போம்."

எண்ணூர் ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எதையும் வைக்கலாம் என்று முடிவு செய்து பல பேர் பல வருடங்களாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், சுடுதண்ணீர், எண்ணெய். சேறு சிமெண்ட் நிறத்தில் இருக்கும். அதில் இவன் அலையாத்திக் கன்றுகளை நட்டான். விழா இல்லை, பலகை இல்லை, போட்டோ இல்லை. அப்பா வலை கட்டிய இடத்தையொட்டியே நட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் ஆசை. அலை அடித்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு சவுக்குக் கழி ஊன்றிக் கட்டினோம். இரண்டு வரிசை நான் கட்டினேன். அன்று மாலை என் இடுப்பு மட்டும் பூமியைக் காப்பாற்றிய களைப்பில் இருந்தது.

மூன்றாம் நாள் ஊர்க் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

அந்த ஆற்றில் கழி ஊன்றி வலை கட்டும் இடங்களை ஊர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறது. பாடு என்று பெயர். இன்று உன் முறையென்றால் இறால் வந்தாலும் உனக்கு, வெறும் பிளாஸ்டிக் வந்தாலும் உனக்கு. தவறவிட்டால் சுற்று முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆற்றை விட்டு வேறு வேலைக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது. அப்பாவின் பாடு அப்படித்தான் தம்பிக்குப் போயிருந்தது.

கோயில் எதிரே கூட்டம். ஊர்த் தலைவர் எங்களைவிட இளையவர், கால்பந்து பனியனில் இருந்தார்.

"ஆத்துல கயி ஊனா இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாது?" என்று கேட்டார்.

"கன்னு சாயக்கூடாதுன்னு ஊனேன்பா. வலைக்கு இல்ல."

"செடிக்கா வலைக்கான்னு தண்ணியா கேக்கப்போவுது? கயி நின்னா எடம் கயி வெச்சவனுது. இந்த ஊரு புள்ளதானே நீ?"

அப்போதுதான் அவன் முகம் மாறியது. வெளியூர்க்காரன் வந்து நட்டிருந்தால் அறியாதவன் என்று விட்டிருப்பார்கள். இவன் நட்டதால் அது உரிமை கேட்பதாகிவிட்டது.

தம்பி எழுந்தான். "ஆத்தவுட்டுப் போனா பாடு இல்லன்னு தெரிஞ்சிதானே போன? இப்ப காடுன்னு சொல்லி நைசா உள்ள வர்றியா, ண்ணா?"

"டேய், எனக்கு எதுக்குடா உன் பாடு? யார்டுல தலைக்கு மேல வேலை கீது."

"அதான் நானும் கேக்கறேன். உனுக்கு எதுக்கு? எனக்கு இது ஒண்ணுதான் கீது."

இந்த இடத்தில் நான் எழுந்து, அலையாத்தி வளர்ந்தால் அதன் வேர்களில் இறால் குஞ்சு பெருகும் என்று விளக்கினேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "யாரு நைனா இது? டிவில மழை வரும்னு சொல்றவரா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளே தம்பியைக் காட்டிக் கேட்டாள்: "அது மரமாவற வரிக்கும் இவம் புள்ளைங்க இன்னா, சாம்பல துன்னுமா?" இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் முடித்தார். "காடு வேணாம்னு ஒருத்தனும் சொல்லல. கயி போவணும். தம்பி பாடு வர்றதுக்குள்ள. வெச்சவன் கையாலயே."

மறுநாள் இருவரும் இறங்கினோம். யார்டு ஆட்களை அழைக்க முடியாது, கழி வைத்தது நாங்கள். சேறு என் செருப்பை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. அவன் இருமிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பிடுங்கியதும் கன்று தளர்ந்து ஒருபக்கம் சாயும், அதை நிமிர்த்திவிட்டு அடுத்ததற்குப் போவான், அதற்குள் முந்தையது சாய்ந்திருக்கும். தம்பி சற்றுத் தள்ளிப் படகில் உட்கார்ந்திருந்தான்.

"பாத்துகினே கீறான் பாரு," என்றான் இவன்.

"அந்தாண்ட ஒண்ணு வுட்டுட்ட, ண்ணா," என்றான் தம்பி.

அந்த வாரமே மழை. ஆறு முகத்துவாரத்தை நோக்கி வேகமாக ஓடியது. மழை விட்ட மறுநாள் காலை யார்டில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து ஐஸ் பெட்டியோடு தம்பி இறங்கினான். மீன் கொண்டுவந்து சமாதானத்துக்கு வருகிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன். மூடியைத் திறந்தான். உள்ளே வேரோடு அலையாத்திக் கன்றுகள்.

"உன் காடு," என்றான். "ராத்திரி என் பாடு. மொத்தமும் என் வலையில வந்து மாட்டிகிச்சி. வலை கியிஞ்சி போச்சி. ஒரு றாலு இல்ல."

இவன் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனான்.

"காசு வேணாம். பாடு குடுப்பியா?"

கையை எடுத்துவிட்டான். கிரேனிலிருந்து சரக்குக் கப்பல் வரை வாடகைக்கு எடுக்கத் தெரிந்தவன் என் தோழன். ஒரு ராத்திரி ஆற்றை எடுத்துத் தர அவனால் முடியவில்லை.

தம்பி டீ குடிக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கன்றுகளைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியோடு போனான்.

கன்றுகளைக் காலி டிரம்களில் சேறு நிரப்பி வைத்திருக்கிறான். கன்டெய்னர்களுக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. பாதி செத்துவிட்டன. மீதியின் இலைகளைத் துணியால் துடைக்கிறான், மறுநாள் மறுபடி கறுத்துவிடுகிறது. மலைக்காட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. இந்த வருடம் காலண்டரில் புலி. ஆற்றுக்கு மட்டும் அவன் போவதில்லை. தம்பியின் பாடு அடுத்து எப்போது வருகிறது என்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு மழை வருமா என்று என்னிடம் கேட்கிறான்.