சுவரில் நான் விட்ட ஓட்டைகள்

நான் சுவர் அச்சடிக்கிறவள். இப்படிச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில், "கல்யாணப் பத்திரிகை மாதிரியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கிள்ளானில் எங்கள் பட்டறையில் ஓர் இயந்திரக் கை இருக்கிறது. முறுக்குப் பிழிவதுபோல் சிமெண்டுக் கலவையை வரிவரியாகப் பிழிந்து அடுக்கும். என்ன வடிவம் வேண்டுமோ அதை நான் கணினியில் வரைந்து கொடுப்பேன். ரயில் சத்தத்தைத் தடுக்கும் சுவர் ஒன்றை அப்படி வடிவமைத்தேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான்.

அந்தச் சுவர் யாருக்காக என்பதும் எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு பழைய அடுக்குமாடி. அதன் முதல் மாடியில் ஒரு தாதி குடியிருந்தார். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை, பகலில்தான் தூக்கம். சத்தத்தை அளக்க அவர் வீட்டு ஜன்னலுக்குப் போயிருந்தபோது, கருவியைவிட அவருடைய கண்களே எனக்கு அதிகம் சொல்லின.

"அரை மணிக்கு ஒருக்கா முழிச்சிக்கிறேன் மேடம். ஊசி போடறப்ப கை நடுங்குது. என்னிக்காச்சும் தப்பா போட்டுருவேனோன்னு பயமா இருக்கு லா," என்றார்.

முதலில் அந்த அடுக்குமாடிக்கு முன்னால் மட்டும் சுவரை நிறுத்தி, அதிகாரிகள் சோதிப்பதாக ஏற்பாடு. தேறினால் பாதை நெடுகிலும் என் சுவர். தேறாவிட்டால் என்னுடையதைப் பெயர்த்துவிட்டு, வேறு எதையாவது எப்போதாவது வைப்பார்கள். தாதிக்கோ காத்திருக்கத் தெம்பில்லை.

சுவரைப் பலகை பலகையாக அச்சடித்து முடித்தோம். லோரியில் ஏற்ற வேண்டியது மறுநாள். ஓரங்களைச் சரிசெய்யக் காப்பாரிலிருந்து பூச்சுவேலைக்காரர் ஒருவர் வந்திருந்தார். கையில் பூச்சுக் கரண்டி இருந்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சுத்தமா முடிச்சிருங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு டெங்கிலுக்கு வேறொரு வேலையாகப் போய்விட்டேன்.

மாலையில் திரும்பிவந்து பார்த்தால், பலகைகள் வழவழவென்று நிற்கின்றன. ரயிலைப் பார்த்து நிற்கவேண்டிய பக்கத்தில் நான் வரைந்து வைத்த ஓட்டைகள் அத்தனையையும் மனிதர் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அவர் அசையவில்லை. "ஓட்டையோட வேலைய ஒப்படைக்க சொல்றீங்களா? மிஷின்தான் ஒழுங்கா அடிக்கலன்னு நெனச்சேன். என் கைக்குன்னு ஒரு பேரு இருக்கு மேடம்."

அடைத்த ஓட்டை ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஓட்டைகள் எதற்கென்று அவரிடம் ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. எல்லாம் வரைபடத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அன்று தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"என் தப்புதான் அண்ணே," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ப் போத்தலைக் காலிசெய்து அதன் வாயில் ஊதிக் காட்டினேன். ஊம் என்றது. "ஓட்டைக்குப் பின்னாடி இதே மாதிரி ஒரு குடுவை இருக்கு. ரயில் சத்தம் உள்ள போய் மாட்டிக்கும். ஓட்டைய மூடிட்டா, சத்தம் சுவத்துலயும் ரயில்லயும் மாறி மாறி பட்டு, மேல ஏறி மாடி வீட்டுக்குள்ளயே போயிரும்."

அவர் போத்தலை வாங்கித் தானும் ஊதிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் கத்தியதற்கெல்லாம் அதுவே தண்டனை. "இத காலையிலயே சொல்லியிருந்தா, நானே காவலுக்கு நின்னுருப்பேன்," என்றார்.

கலவை இன்னும் இறுகவில்லை. அவர் கம்பியை வளைத்து எனக்கொன்று, தனக்கொன்று செய்தார். இருவரும் உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாகத் தோண்டினோம். தோண்டிக்கொண்டே தாதியின் தூக்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். நான் தோண்டியவற்றின் விளிம்புகளை அவர் மறுபடி விரலால் சீராக்கினார். என் வேலையை இன்னொருவர் திருத்தினால் எனக்குப் பிடிக்காது. அன்று பிடித்தது.

சோதனை நாளன்று அவரும் சலவைச் சட்டையில் வந்துவிட்டார். ரயில்கள் போயின, வந்தன. அதிகாரி கருவியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு தலையாட்டினார். தேறிவிட்டது. குடியிருப்பாளர்கள் இறங்கிவந்து கைகுலுக்கினார்கள். பூச்சுவேலைக்காரரைக் காட்டி, "இவரும் நானும் செஞ்சது," என்றேன்.

தாதியை மட்டும் காணோம். கட்டாயம் வருகிறேன் என்றவர். எனக்குச் சுருக்கென்றது. யார் பாராட்டினாலும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு மனம் நிறையாது போலிருந்தது.

அவருடைய பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கேட்டேன்.

"அவளா? காலையில படுத்தவ, இன்னும் எந்திரிக்கல. இவ்ளோ நேரம் தூங்கி நான் பார்த்ததே இல்ல. இருங்க, எழுப்பி கூட்டிட்டு வரேன்," என்று படியேறப் போனார்.

"வேணாம் ஆன்டி!" என்று நானும் பூச்சுவேலைக்காரரும் ஒன்றாகத் தடுத்தோம். அதையும் மெதுவாகத்தான் சொன்னோம்.