பைக்குள்ள கிடந்த பம்ப்

சனத்துக்கு மூச்சு இழுக்கப் பழக்கிறதுதான் எனக்குக் கிடைச்ச உத்தியோகம். சிரிக்கிறவை சிரியுங்கோ மச்சான்மார். காத்தை முழுக்க வெளிய விட்டிட்டு, மூச்சு மருந்துப் பம்பை வாயில வைச்சு அமத்தி, மெதுவா இழுத்து, பத்து எண்ணுமட்டும் அடக்கெண்டால் உங்களில பாதிப்பேர் மூண்டிலயே இருமிச் சரிவியள். ஏ.எல். படிப்பைப் பாதியில விட்டிட்டுத் திரிஞ்ச என்னை, சண்டைக் காலத்தில வன்னியில உடையார்கட்டுப் பக்கம் ஓலைக்கொட்டிலில வைத்தியம் பாத்த டொக்டர் ஒருத்தர் பிடிச்சு இருத்தினவர். சுவாசக்குழாய் சுருங்கின முட்டுக்காரர்தான் என்ர மாணவர். "இந்த வருத்தம் முழுசா மாறாதடா, அடக்கி வைச்சிருக்கலாம்" எண்டார். என்னையே ஒரு பள்ளிக்கூடமும் அடக்கேல்லை.

பாதிச் சுருட்டு

பொன்னையா அண்ணை வயல்காரர். ஆள் வர முன்னம் நெஞ்சுச் சத்தம் வரும். சுருட்டை ஒரேயடியா விடமாட்டன் எண்டு நிண்டவரை, முதல்ல பாதியாக் குறையுங்கோ எண்டு டொக்டர் அனுப்பினவர். அடுத்த கிழமை சத்தம் இன்னும் கூட.

"என்னண்ணை, குறைக்கேல்லையோ?"

"டொக்டர் சொன்னபடி எல்லாத்தையும் பாதியா வெட்டிப்போட்டன் தம்பி. முந்தி நாளுக்கு ஆறு, இப்ப பன்ரண்டு."

புகை போற வழி

பார்வதி அக்கா மலையகத்தால வந்து இஞ்ச தோட்டம் செய்யிறவா. பீடி, சுருட்டு தொட்டதில்லை. எண்டாலும் கிணத்தடிக்குப் போய்வர மூண்டு தரம் நிப்பா. அடுப்புப் புகைதான் காரணமெண்டு டொக்டர் சொல்ல, வீட்டை போய்ப் பாத்தன். ஈர விறகு, குசினிக்கு ஒரு ஓட்டையும் இல்லை. சுவரில ஜன்னல் வெட்டுவம் எண்டன்.

"பொக மேல போனா குண்டு போட வர்ற பொம்பர்காரன் பாப்பான். உள்ளயே நின்னா நான் சாவேன். எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க தம்பி."

முதல் பிள்ளை

கடைசியில மாமரத்துக்குள்ள புகை கலையிற பக்கமாப் பாத்து வெட்டினம். மூச்சு முட்டினால், சுடுதேத்தண்ணி ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடச் சொல்லிக் குடுத்தன். வெறும் பம்பில பழக்கினால் பத்து எண்ணுமட்டும் அசையாமல் நிப்பா. வகுப்பில முதல் பிள்ளையெண்டு மற்ற ஆக்களுக்கு அவாவைத்தான் காட்டுவன். பம்ப் வன்னிக்குள்ள வாறதே அருமை. வந்த ரெண்டில ஒண்டை, காலமையும் பின்னேரமும் இழுக்கச் சொல்லி டொக்டர் எழுத, நான்தான் கையில குடுத்தன்.

"தேயில கிள்ளின கையில தேத்தண்ணி ஊதக் கத்துக்கிட்டேன், இது என்னா பெரிய வேல."

பை

மூண்டு கிழமையால ஒரு காலமை அவாவின்ர மனிசன் அவாவைச் சைக்கிள் கரியரில கொண்டு வந்து இறக்கினார். உதடு நீலம். ஒரு சொல்லுக்குக்கூட மூச்சில்லை. டொக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே, "பம்ப் எங்க?" எண்டு கத்தினார். மனிசன் தோளில கிடந்த, ஓட வேண்டி வந்தால் தூக்கிற பையைக் கொட்டினார். காணி உறுதி, பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், ஒரு சோடித் தோடு, மூண்டு பொலித்தீனில சுத்தின பம்ப். ஒருக்காலும் அடிக்காத புதுப் பம்ப்.

உடைச்சு, அமத்தி, இழுக்க வைச்சம். சொல்லிக் குடுத்த மாதிரியே இழுத்தா. அரை மணித்தியாலத்தால உதட்டில நீலம் மாறிச்சுது. ஏன் பம்பை அடிக்கேல்லையெண்டு டொக்டர் பேசத் தொடங்க, அவா என்னைப் பாத்துக் கையைக் காட்டினா.

"இந்தத் தம்பிதானுங்க, கெடைக்காத சாமான், பத்திரமா வச்சிருங்கன்னு சொல்லுச்சு."

ஓம், சொன்னனான், மூச்சை எப்பிடி இழுக்கிறதெண்டு சனத்துக்கெல்லாம் படிப்பிச்ச வாயாலதான், இருந்த மூச்சையும் மடிச்சுப் பையில வைக்கச் சொன்னனான்.