பசை வைத்த காயம்

எங்கள் பைண்டிங் கடையில் நோட்டுத் தைக்கிற ஒருத்தியை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்ததென்னவோ பத்தாவது. பதினோரு வருடமாக ஊசியும் நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள். மதியம் சாப்பிட்டதும் மேஜைமேல் தலைவைத்துக் கால் மணி நேரம் தூங்குவாள். அந்த மூன்று நாள் முதலுதவி வகுப்பு வரும்வரை அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் கிடையாது.

வகுப்புக்குப் போகச் சொல்லி முதலாளி முதலில் என்னைத்தான் கேட்டார். கட்டிங் மெஷினில் இருபத்திரண்டு வருடம் நிற்பவன் நான். "எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு, சும்மா இருக்கறவங்களை அனுப்புங்க" என்றேன். அவளை அனுப்பினார். அன்றைக்குப் பிடித்தது என் வயிற்றெரிச்சல்.

நான் லீவு போட்ட நாளாகப் பார்த்து, கடையில் அச்சு ஓட்டுகிறவருக்கு வலிப்பு வந்தது. கூட்டத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆளைக் காப்பாற்றிவிட்டாளாம். முதலாளி அவள் போட்டோவைச் சுவரில் மாட்டினார். என் போட்டோ அடையாள அட்டையைத் தாண்டியதில்லை. அதே கடையில் தாள் மடிக்கிற என் மனைவியும் வீட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டே அவள் புராணம் பாடுவாள். எனக்கு ஒரு வாய் இறங்காது.

விரலைத் தாள் கிழித்தால் காகிதத்தில் பசை தடவி ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். "அது கூடாதுண்ணே" என்றாள் டாக்டரம்மா ஒருநாள். அதன்பிறகு வீம்புக்கென்றே இரண்டு துண்டாக ஒட்டினேன்.

போன மாதம் மெஷினில் கத்தி மாற்றும்போது மறுமுனையைப் பிடிக்க என் மனைவியைக் கூப்பிட்டேன். கத்தி வழுக்கி அவள் முன்கையைக் கிழித்தது. ரத்தம் கொட்டியது. நான் பசை டப்பாவுக்கு ஓடினேன். அட்டைத் துண்டில் தடவி வைத்தேன். நிற்கவில்லை. இன்னொன்று வைத்தேன்.

"என்னங்க, டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க."

"பேசாம இரு. எனக்குத் தெரியாதா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்தடியில்தான் அவள் இருந்தாள். நான் கூப்பிடவில்லை. மூன்றாவது துண்டையும் வைத்தேன். மனைவி உதடு வெளுத்துச் சரிந்தாள், கூடவே தாள் அடுக்கும் சரிந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் டாக்டரம்மா ஓடி வந்தாள்.

அட்டையை எடுத்துப் போட்டாள். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தாள். "அண்ணே, இங்க அழுத்துங்க. எடுத்துப் பாக்காதீங்க." அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதற்குள் எடுத்துப் பார்த்துவிட்டேன். மறுபடி பொங்கியது. அவள் திட்டவில்லை. இன்னொரு துணியை மேலே வைத்து, வண்டி வரும்வரை தானே அழுத்திக்கொண்டிருந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டதைவிடப் பசையைச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. மனைவி கதறியது வெளியே கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "அடுத்த வகுப்புக்கு என் பேரைக் குடுத்துட்டேன்."

"நானும் குடுத்திருக்கேன்" என்றாள். "பக்கத்துல நீங்க மட்டும் இருந்தா நான் என்ன பண்றது?"