யாருடைய ஜன்னல்?

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் முழிப்பேன். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் போதும், பழுதான போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர் சொல்லும் விளக்கம் இது: கேமராவோ ஸ்கேனரோ, ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்தவர்களே ஒரு செட்டிங்ஸ் பெட்டி வைத்திருப்பார்கள். வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் அதில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். இவர் எழுதும் புரோகிராமில் ஒரு பட்டனை அமுக்கினால் அந்தப் பெட்டி திரையில் வரவேண்டும். அதற்கென்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதாம். இவர் அதைக் கூப்பிடுகிறார். "கூப்பிடுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தங்கமான மனிதர்தான். ஒரே ஒரு குணம்தான் எனக்கு ஆகாது. யார் போன் செய்து "புரோகிராம் நின்னுபோச்சு" என்றாலும், "நீங்க எதையோ மாத்தி அமுக்கிட்டீங்க" என்பார். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் அதே பாட்டுதான்.

அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், போட்டோ ஸ்டுடியோ திறந்தபோது படம் எடுக்கும் புரோகிராமை இவரே எழுதிக் கொடுத்தார். முதல் பெரிய வேலை பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்தது. பிள்ளைகளின் அடையாள அட்டைக்குப் படம். ஒரு வகுப்பைச் சரியாக முடித்துக் கொடுத்தால்தான் மற்ற வகுப்புகளும் வரும், இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம் என்று டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார். அண்ணி முந்தின நாளே திரைச்சீலையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

அன்று பிள்ளைகள் வரிசையில் நிற்க, முகமெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று அண்ணி செட்டிங்ஸ் பட்டனை அமுக்கினார். பெட்டி வரவில்லை. திரை மரம் மாதிரி நின்றுவிட்டது. எதை அமுக்கினாலும் அசையவில்லை.

போன் வந்ததும் நாங்கள் ஓடினோம். பிள்ளைகள் ஸ்டூலைச் சுற்றி அமர்க்களம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், டீச்சர் வாசலைப் பார்த்தபடி இருந்தார். இவர் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "எதக்கா மாத்தி அமுக்குன?"

"நீ சொல்லிக் குடுத்ததைத்தாண்டா அமுக்குனேன்."

"அப்படின்னா நின்னிருக்காதேக்கா. எங்கிட்ட நல்லா ஓடுது."

அண்ணி முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் ஊரார் முன்னால் என்ன சொல்வது?

இவர் உட்கார்ந்து எதையெதையோ தட்டினார். திரையின் அடியில் இருக்கும் பட்டையை வரவழைத்ததும் கை நின்றது. புரோகிராமுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னலும் திறந்திருந்தது. செட்டிங்ஸ் பெட்டிதான். முதலிலேயே வந்துவிட்டது; திரை முழுக்க அடைத்திருந்த புரோகிராமுக்குப் பின்னால் மறைந்து, யாராவது தொடுவார்கள் என்று காத்திருக்கிறது. அதை மூடும்வரை முன்னால் இருப்பதும் அசையாது.

குனிந்து என் காதருகே முணுமுணுத்தார். "அந்த ஃபங்ஷன் முதல்ல கேக்குறதே, இது யாரோட ஜன்னல்னுதான். நம்ம ஜன்னலோடதுன்னு சொன்னா அதுக்கு முன்னாடி வந்து நிக்கும். நான் பூஜ்யம் போட்டுட்டேன். யாரோடதும் இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப தப்பு உங்களோடது."

இவர் தன் மடிக்கணினியைத் திறந்து பூஜ்யத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எழுத வேண்டியதை எழுதி, புதுப் புரோகிராமை ஏற்றினார். பட்டனை அமுக்கினார். பெட்டி சமர்த்தாக முன்னால் வந்தது.

எழுந்து டீச்சரிடம் போனார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"சரியாயிடுச்சு மேடம்," என்றார். அவ்வளவுதான். என்னமோ மழை தானாக விட்ட மாதிரி.

டீச்சர் அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லம்மா. இனிமே மட்டும் பாத்து அமுக்குங்க."

அண்ணி தலையாட்டினார். இவர் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். அந்த நேரத்தில் இவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி வேலையில் இறங்கினால் தனிதான். அழுகிற பிள்ளையைக்கூட ஒரு வார்த்தையில் நிமிர வைத்தார். எல்லாப் படமும் அருமையாக வந்தது. டீச்சர் மற்ற வகுப்புகளுக்கும் நாள் குறித்துவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்பினார்.

நாங்களும் புறப்பட்டோம். இவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேங்க்கா. நாளைக்கு ஏதாவது நின்னா கூப்பிடு," என்றார்.

அண்ணி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"சரிங்க தம்பி. போயிட்டு வாங்க."

பேசத் தெரிந்த நாளிலிருந்து இவரை வாடா போடா என்றே கூப்பிட்ட வாய் அது. கல்யாண மேடையில்கூட, "நேரா உக்காருடா" என்று அதட்டியது. இவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

தெருவுக்கு வந்தபின் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். இவர் வரவில்லை; பள்ளி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர் இந்நேரம் ஸ்கூலுக்குப் போயிருப்பாங்கல்ல?" என்று கேட்டார்.