பஸ்ஸில் வாசித்த பப்ளிக் கீ

சமயநல்லூர்க்காரர்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், ஒத்தக்கடை ஆபீஸில் இருந்தபோது எனக்கொரு மெயில் வந்தது. திறந்தால் தலையும் வாலும் புரியாத எழுத்துகள். பூட்டிய மெயில்.

கல்லூரி முடித்த புதிதில் ஆசைக்கு ஒரு பப்ளிக் கீ உண்டாக்கி, யாரும் தேடி எடுக்கும்படி ஒரு சர்வரில் போட்டிருந்தேன். அதைக்கொண்டு எனக்கு எழுதுவதை யாரும் பூட்டி அனுப்பலாம்; திறக்கும் சாவி என் லேப்டாப்பில் மட்டும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அனுப்பியதில்லை.

திறந்து படித்தேன். முந்தின நாள் மொட்டைமாடியில் என்னோடு தனியாகப் பேசிய மாப்பிள்ளைதான் எழுதியிருந்தார். "உங்க மெயில அண்ணனும் பாப்பாருன்னு மொட்டமாடியில சொன்னீங்க. அதான் தேடி உங்க கீயை எடுத்தேன். உங்களுக்கு நெசமாவே சம்மதமா? இல்லைன்னா சொல்லுங்க, நானே வேணாம்னதா எங்க வீட்ல சொல்லிக்கிறேன்."

பதிலைப் பூட்ட அவருடைய கீ வேண்டும். தேடினால் அவர் பெயரில் இரண்டு இருந்தன. யார் பெயரிலும் யாரும் கீ போட முடியும் என்பதால் கேட்டுச் சரிபார்க்காமல் அனுப்பப் பயம்.

சாயங்காலம் அம்மாவோடு உசிலம்பட்டி பஸ்ஸில் போகும்போது அவருக்குப் போன் போட்டேன்.

"உங்க கீயோட கைரேகையக் கொஞ்சம் வாசிங்க."

கைரேகை என்பது ஒவ்வொரு கீக்கும் உள்ள, எண்ணும் எழுத்தும் கலந்த நீள அடையாளம். பாதியை அவர் வாசிக்க, மீதியை நான் உரக்க வாசித்தேன். ஊருக்கே கேட்டாலும் அதனால் கெடுதல் இல்லை.

"ஏழு, டி, மூணு, எஃப்..."

"தங்கச்சி, பி-யா டி-யா? வெளங்கச் சொல்லுங்க" என்றார் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர்.

"மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர்தான்" என்று அம்மா பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

இரண்டாவது கீ ஒத்துப்போனது. முதலாவது அவருடைய தொலைந்துபோன லேப்டாப்பில் இருந்ததாம். செக்கானூரணியில் பஸ் நின்ற நேரத்தில் மடியில் லேப்டாப்பை விரித்து 'சம்மதம்' என்று அடித்தேன். பூட்டியதும் அந்த ஒற்றைச் சொல் ஒரு பத்தி நீளத்துக்குக் கிறுக்கலாக வளர்ந்து நின்றது. அதை அனுப்பும்போதே எனக்குச் சிரிப்பு பொங்கியது.

பஸ் கிளம்பியதும் போன் அடித்தது. அவர் பக்கத்தில் அவருடைய அப்பா இருந்தார் போல.

"வந்துருச்சுங்க" என்றார். "நல்லா வந்துருச்சு."

"என்னடி சொல்றாரு?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. மெயில் வந்து சேந்துருச்சாம்."

"அதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

ஆவணியில் அவரைக் கட்டிக்கொண்டேன்.