மொட்டைக் கோழி படத்துக்கு வந்த சோதனை

எங்கள் ஜில்லாவின் முதல் கம்ப்யூட்டர் பொம்மைப் படத்தை எடுத்தவன் நான்தான். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம்.

மேலே சொன்னது பொய். எடுத்தது வெண்ணந்தூர் மைதிலி. நான் கோழி எப்படி நடக்கும் என்று கேமரா முன்னால் நடந்து காட்டினேன். கோழிகளுக்கே கேவலம் என்று அதையும் அழித்துவிட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக அனுபவசாலி யாராவது எழுத வேண்டும் என்று மைதிலி கேட்டாள். இங்கே மற்ற எல்லோரும் படித்தவர்கள். அதனால் அனுபவசாலி நான் ஒருவன்தான். நாலாங்கிளாஸில் வாத்தியாரும் நானும் இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று பிரிந்தோம். எழுத்துப் பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.

1. ஷெட்டுக்குள் சினிமா

முதலாளி பொன்னுசாமிக்கு நாமக்கல் பக்கம் முட்டைப் பண்ணை. நான் அங்கே தீவனம் அள்ளிப் போடுகிறவன். மைதிலி சென்னையில் பொம்மைப்பட கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு படம் எடுத்தே தீருவேன் என்று ஊர் திரும்பியவள். அவளுடைய கதை இதுதான்: சிட்டு என்கிற கோழி, தான் இட்ட முட்டை எங்கேதான் போகிறது என்று பார்க்க முட்டை லாரியில் தொற்றிக்கொண்டு கிளம்புகிறது.

முதலாளிக்குக் கதை ரொம்பப் பிடித்தது. கதையில் வருகிற லாரி அவருடையது. காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டைக் கொடுத்து கம்ப்யூட்டர்களும் வாங்கிப் போட்டார். கோழிக்குச் சீக்கு ஒட்டாமலிருக்க, ஷெட்டுக்குள் நுழைகிறவர்கள் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும் என்பது பண்ணைச் சட்டம். கோழி போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. ரிப்பேருக்கு வந்த இன்ஜினியர் புது ஷூவோடு நனைந்து போனார்.

ஆனால் முதலாளி போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது.

"ஷெட்டு சும்மா கெடக்கக் கூடாது சாமி. பேத்தி காதுகுத்துல சொந்தபந்தம் முன்னாடி கொஞ்சம் போட்டுக் காட்டு. கொழந்தைங்க உக்காந்து பாத்துச்சுன்னா படம். எந்திரிச்சுப் போச்சுன்னா ஷெட்டுக்குக் குஞ்சு எறக்கிருவேன். குஞ்சுக்குச் சொல்லி வெச்சாச்சு."

2. என் மூளை

மைதிலியைக் கொன்றது இறகு. ஒவ்வொரு இறகையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டுமாம். அதற்கு ரெண்டர் என்று பெயர். சிட்டு ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தால் சிஸ்டம் படுத்துவிடும். காதுகுத்து நெருங்குகிறது, கோழி நகரவே மாட்டேன் என்கிறது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏஞ்சாமி, இறகே வேண்டாமே. மோல்ட்டிங் உட்ட கோழின்னு வெச்சுக்கலாம்."

முட்டை குறைந்த கோழிக்குப் பழைய இறகு கொட்டிப் புதுசு முளைக்கிற காலத்தைத்தான் மோல்ட்டிங் என்போம். அப்போது அதைப் பார்க்கச் சகிக்காது.

"மொட்டையா இருந்தா பாக்கறவங்களுக்குக் கோழின்னு தெரியுமுங்களா ராசண்ணா?"

"எங்களுக்கெல்லாம் தெரியுதே!"

தப்பு அந்த 'எங்களுக்கெல்லாம்' என்பதில் இருந்தது. பண்ணையில் இருக்கிறவனுக்கு மொட்டைக் கோழி அன்றாடக் காட்சி. மற்ற ஜனங்கள் அதைப் பார்க்கிற இடம் கறிக்கடை ஒன்றுதான். அவளுக்கும் வேறு வழியில்லை. சிட்டுவை உரித்துவிட்டாள். ரெண்டர் பறந்தது.

3. காதுகுத்து

மோகனூர் மண்டபத்தில், முதல் பந்திக்கு முன்னால் படம் போட்டோம். திரையில் சிட்டு மொட்டையாக ஓடி வந்ததுமே பக்கத்துப் பண்ணைக்காரர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க பொன்னுசாமி, உங்க பண்ணையில சீக்கு வந்துருச்சுங்களா?"

"இது படமுங்க!"

"நாஞ் சொல்லலைங்க. நாளைக்கு ஊரு சொல்லும் பாருங்க."

ஆனால் குழந்தைகள் எழவில்லை. சிட்டு லாரியில் ஏறத் தாவித் தாவி விழுந்ததற்குக் கத்திச் சிரித்தார்கள். நாய் துரத்தியபோது "ஓடு சிட்டு, ஓடு!" என்று மண்டபமே அதிர்ந்தது. மைதிலி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"எந்திரிக்கலீங்ணா."

"எந்திரிக்கல சாமி. கைய உடு, வலிக்குது."

படம் முடிந்து பந்தி போட்டார்கள். கறி முழுவதும் முதலாளியின் மச்சினன் குமரவேலு செய்த சீர். கறிக்கோழிப் பண்ணையும் கடைகளும் வைத்திருப்பவர். சின்னச் சீராகச் செய்தால் கௌரவம் என்னாவது? கோழியை வெட்டாமல் முழுசு முழுசாக வறுத்து, தட்டில் நிறுத்தி, இலைக்கு இலை கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

காது குத்தும்போதுகூட அழாத பேத்தி, தட்டைப் பார்த்து வீறிட்டது.

"சிட்டு! சிட்டுவ வறுத்துப்புட்டாங்க!"

அவ்வளவுதான். வரிசையாக எல்லாக் குழந்தைகளும் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

"மச்சான், ஒத்த மொட்டக் கோழியக் காட்டி எஞ் சீரையே நாறடிச்சுட்டீங்களே!" என்று குமரவேலு குதித்தார்.

முதலாளி மைதிலி பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டரையெல்லாம் கட்டி வெய்யி. குஞ்சு வருது."

"கொழந்தைங்க எந்திரிக்கலீங்களே ஐயா. நீங்கதானுங்க சொன்னீங்க."

"எலைய உட்டு எந்திரிச்சிருச்சே!"

அவள் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். யோசனை கொடுத்த மகான் நான், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

அப்போதுதான் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"மொதலாளி, கொழந்தைங்க பூராம் கறி வேண்டாம், ஆம்லெட் போடுன்னு அடம் புடிக்குதுங்க. முட்டை பத்தலைங்க."

முதலாளி முகத்தில் முட்டை விலை ஏறிய நாளின் களை வந்தது.

"எத்தன கேக்குது?"

"ஆளுக்கு ரெண்டுங்க."

என்னை வேனில் விரட்டி, தட்டுத் தட்டாக முட்டை கொண்டுவர வைத்தார். சிட்டு ஊர் ஊராகத் தேடி அலைகிற அதே முட்டையை, சிட்டுவுக்காக அழுத அதே குழந்தைகள், மிளகுத்தூள் தூவித் தின்றார்கள். இரக்கம் என்பது பசி வரைக்கும்தான். பெரியவர்களைச் சொல்லவே வேண்டாம். அழுத பிள்ளைகள் விட்ட கறியை அவர்கள் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

முதலாளி அங்கேயே போனை எடுத்தார். "குஞ்சு வேண்டாமுங்க. ஷெட்டுல படம் ஓடிட்டிருக்குது." மைதிலி பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவர் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். "மொட்டையாக் காட்டோணும்னு நாந்தேன் சொன்னேன். இல்லியா சாமி?"

மைதிலி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஆமாங்க ஐயா" என்றாள்.

இந்தப் பெண் சினிமாவில் தேறிவிடுவாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

4. பாடம்

ஆகவே, புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, குழந்தைகளுக்குப் படம் எடுக்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால்...

"ராசண்ணா! ஓடி வாங்கண்ணா! குமரவேலு ஐயா வந்திருக்காரு. இனிமேலு சிட்டுவ மொட்டையாக் காட்டக் கூடாதாம். கடையிலிருந்து கோழி இறகு மூட்டை மூட்டையாக் கொண்டாந்து எறக்கிட்டாருங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல கொட்டறதுன்னு கேக்கறாரு!"

"வாரேன் சாமி! மொதல்ல அவரக் காலை நனைச்சுட்டு வரச் சொல்லு!"